மீட்டரும் மக்களவையும்: அயர்லாந்தின் குடிநீர்க் கட்டணமும் கோலார் கிராமத்துக் குழாயும்

(கோலார் தங்கவயலை அடுத்த பூதிகோட்டையில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பூதிகோட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஹைதர் அலி பிறந்த ஊர். உள்ளூர்க்காரர்களுக்கு அது தண்ணீர் வண்டியை எதிர்பார்த்துக் குடம் வரிசை வைக்கத் தெரிந்த ஊர். அருகிலேயே மார்க்கண்டேய நதியின் நீர்த்தேக்கம் இருந்தும் நிலைமை இதுதான். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம் கோலார். ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கிவிட்ட ஆழ்துளைக் கிணறுகளும், அவற்றிலிருந்து வரும் ஃபுளோரைடு கலந்த நீருமே பல கிராமங்களின் ஆதாரம்.

தங்கவயலின் தண்ணீர் வரலாறு சற்று வேறானது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. பிற்பாடு பாலாற்றின் மீதுள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து சுரங்கங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. துரைமார் பங்களாவுக்கு ஒரு விதம், தொழிலாளர் லைன் வீடுகளுக்கு ஒரு விதம் என்ற பாகுபாடு அதிலும் இருந்தது. என்றாலும், கம்பெனியின் கணக்கில் தண்ணீர் ஒரு உற்பத்திச் செலவு. அது இல்லாமல் தொழிலாளி அடுத்த ஷிப்டுக்கு இறங்க முடியாது என்பது லாபக் கணக்கு எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசிடம் வந்தன. 1962இல் மத்திய அரசிடம் சென்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. அன்று வேலை போனது. குடியிருப்பின் குழாய்க்குப் பொறுப்பேற்பது யார் என்ற கேள்வியும் அன்றே தெருவுக்கு வந்தது.

அந்தக் கேள்வி இன்று கிராமங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. வீட்டுக்கு வீடு குழாய், அதன் தலையில் மீட்டர், மாதந்தோறும் கட்டணம். இதை ஒரு தொழில்நுட்ப ஏற்பாடாக மட்டும் அதிகாரிகள் விளக்குகிறார்கள். இதே ஏற்பாடு ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தபோது என்ன நடந்தது என்பதைப் பார்ப்பது பயன் தரும். அந்த நாடு அயர்லாந்து.

அயர்லாந்தில் 1970களின் இறுதியில் வீட்டு வரி ஒழிக்கப்பட்டது. அதன்பின் குடிநீர்ச் செலவு பெரும்பாலும் பொது வரிப்பணத்திலிருந்து நடந்தது. டப்ளினில் 1994இல் கட்டணம் விதிக்க முயன்றபோது மக்கள் கட்ட மறுத்தார்கள். 1996 முடிவில் அரசு பின்வாங்கியது. பிறகு 2008இன் வங்கி நெருக்கடி வந்தது. தனியார் வங்கிகளின் கடனை அரசு தன் தலையில் ஏற்றிக்கொண்டது. 2010 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, சர்வதேச நிதியம் ஆகிய மூன்றும் சேர்ந்து கடன் கொடுக்க முன்வந்தன. உடன்படிக்கையின் நிபந்தனைகளுள் வீட்டுக் குடிநீர்க் கட்டணமும் ஒன்று. வங்கி முதலாளி சூதாடித் தோற்ற பணத்துக்கும் அடுப்படிக் குழாய்க்கும் இடையிலான தொடர்பு இதைவிட வெளிப்படையாக வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது.

கையெழுத்திட்டது ஃபியன்னா ஃபாயில் கட்சியின் அரசு. 2011 தேர்தலில் அது மண்ணைக் கவ்வியது. அந்தத் தேர்தலில் குடிநீர்க் கட்டணத்தை எதிர்த்து விளம்பரம் செய்த தொழிற்கட்சி, ஃபைன் கேல் கட்சியுடன் கூட்டணி அமைத்து ஆட்சியில் அமர்ந்து, அதே கட்டணத்தைக் கொண்டுவந்தது. 2013இல் ‘ஐரிஷ் வாட்டர்’ என்ற பொது நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. அதற்கு முழு அதிகாரமும் வழங்கும் இரண்டாவது மசோதா, 2013 டிசம்பர் 19 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்பாக, ‘டாயில்’ எனப்படும் மக்களவைக்கு வந்தது. ஒரு நாட்டின் தண்ணீர் முழுவதையும் கைமாற்றும் சட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது சில மணி நேரம். எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. விவாத நேரத்தை வெட்டும் அந்த முறைக்கு அங்கும் இங்கும் கில்லட்டின் என்றே பெயர். 2023 மார்ச் 23 அன்று இந்திய மக்களவை சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் செலவினத்தை விவாதமே இல்லாமல் நிறைவேற்றியதும் அந்தக் கருவியால்தான்.

அரசுத் தரப்பின் வாதங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. குழாய்கள் நூற்றாண்டுப் பழமையானவை. சுத்திகரித்த நீரில் ஐந்தில் இரண்டு பங்கு வீடு சேருமுன்பே ஒழுகிப் போகிறது. 34 உள்ளாட்சிகள் தனித்தனியே நடத்துவதைவிட ஒரே நிறுவனம் திட்டமிட்டு முதலீடு செய்யலாம். மீட்டர் வந்தால் வீண் செலவு குறையும் என்றார்கள். முதல் மூன்றும் உண்மை. ஒரே பொது நிறுவனம் என்பதை இடதுசாரிகள் கொள்கையளவில் எதிர்க்க வேண்டியதும் இல்லை. அவர்கள் கேட்டது வேறு. ஒழுகுவது தெருவுக்கு அடியிலுள்ள பெரிய குழாய், மீட்டர் மாட்டுவது வீட்டு வாசலிலா? ஏற்கெனவே வரியில் கொடுத்ததற்கு மறுபடியும் ஏன் பில்? வாடிக்கையாளர் பட்டியல், மீட்டர், கட்டண வருவாய் மூன்றும் சேர்ந்த நிறுவனத்தை நாளை விற்பதற்கு வேறென்ன மிச்சம்? விற்க மாட்டோம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறோம் என்றது அரசு. ஒரு சட்டத்தை அடுத்த சட்டம் மாற்றும், ஆகவே மக்கள் வாக்கெடுப்பு நடத்தி அரசியலமைப்பில் எழுதுங்கள் என்றது எதிர்த்தரப்பு. விவாதத்தின் உயிர்நாடி இந்தக் கேள்வி. அரசு அதற்கு உடன்படவில்லை.

2014 ஜனவரியில் ஆலோசகர்களுக்கு மட்டும் 5 கோடி யூரோ செலவிட்டதாக நிறுவனத்தின் தலைவரே வானொலியில் சொன்னார். மீட்டர் பொருத்தும் ஒப்பந்தம் பெற்றவற்றுள் ஒன்று சைட்செர்வ் குழுமத்தைச் சேர்ந்தது. அந்தக் குழுமம் கைமாறியபோது அரசுடைமை வங்கி 10 கோடி யூரோவுக்கும் மேற்பட்ட கடனைத் தள்ளுபடி செய்திருந்தது. 2014 அக்டோபரிலிருந்து தெருக்கள் நிரம்பின. ரைட்டுவாட்டர் இயக்கத்தில் யுனைட், மேண்டேட் முதலிய தொழிற்சங்கங்களும், இடதுசாரிக் குழுக்களும், ஷின் ஃபெயின் கட்சியும், எந்தக் கட்சியும் சாராத குடியிருப்புப் பெண்களும் நின்றார்கள். மீட்டர் குழி தோண்ட வந்தவர்களைத் தெருவாசிகள் மறித்தார்கள். நவம்பரில் அரசு இறங்கிவந்து, தனியாள் வீட்டுக்கு ஆண்டுக்கு 160 யூரோ, மற்றவற்றுக்கு 260 யூரோ என உச்சவரம்பு வைத்து, 100 யூரோவைத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தது. முதல் பில் வந்தபோது ஏறத்தாழ 15 லட்சம் குடும்பங்களில் பாதிக்கும் குறைவானவையே பணம் கட்டின.

2015 ஜூலையில் ஐரோப்பியப் புள்ளிவிவர அமைப்பு அளித்த தீர்ப்பைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். நிறுவனத்தின் கடன் அரசின் கடனாகக் கணக்கிடப்படாமல் இருக்க வேண்டுமானால், அதன் செலவில் பாதிக்கு மேல் விற்பனை வருவாயிலிருந்து வர வேண்டும். அது நிறைவேறவில்லை என்று அந்த அமைப்பு கூறியது. கட்டணத்தின் மெய்யான நோக்கம் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. தண்ணீர்ச் சிக்கனம் பேச்சுக்கு. கடனை அரசுக் கணக்கிலிருந்து மறைப்பது செயலுக்கு.

2016 தேர்தலில் தொழிற்கட்சி 37 இடங்களிலிருந்து 7 இடங்களுக்குச் சுருங்கியது. கட்டணம் நிறுத்திவைக்கப்பட்டு, 2017இல் சட்டப்படி ஒழிந்து, கட்டியவர்களுக்குப் பணம் திரும்பியது. ஒழிக்க வாக்களித்தவர்களில் 2010இல் கையெழுத்திட்ட ஃபியன்னா ஃபாயிலும் ஒன்று என்பது நாடாளுமன்ற அரசியலின் வேடிக்கை. முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை: மிகுபயன்பாட்டுக் கட்டணம் என்ற விதை சட்டத்தில் விட்டுவைக்கப்பட்டது; கேட்ட மக்கள் வாக்கெடுப்பும் உடனே கிடைக்கவில்லை.

இந்தியாவில் இத்தகைய விவாதம்கூட நடப்பதில்லை. தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆனால் கோவையில் 26 ஆண்டுகளுக்கான குடிநீர் விநியோகம் 2018இல் பிரான்சின் சூயஸ் நிறுவனத்துக்கு ஒப்பந்தமாகப் போனது, சட்டமாக அல்ல. ஹூப்ளி-தார்வாட், பெலகாவி, கலபுரகி நகரங்களின் சில பகுதிகளில் உலக வங்கிக் கடனுடன் இன்னொரு பிரெஞ்சு நிறுவனமான வியோலியா முன்னோடித் திட்டம் நடத்தியது. ஒப்பந்தத்துக்குச் சட்டமன்ற வாசல் தேவையில்லை, வணிக ரகசியம் என்ற பூட்டு போதும்.

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கமும் அமைச்சரவை முடிவே. தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது இலக்கு. குழாய் வந்ததை எவரும் குறை சொல்ல முடியாது. குடம் சுமந்த பெண்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் வழிகாட்டு நெறிகளைப் படித்தால், உள்கட்டமைப்புச் செலவில் 10 சதவீதம் கிராமம் தர வேண்டும். தலித், பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக உள்ள ஊர்களில் 5 சதவீதம். பராமரிப்புச் செலவைப் பஞ்சாயத்து பயனாளர் கட்டணத்தால் ஈடுகட்ட வேண்டும். குழாய் போட்ட ஒப்பந்ததாரர் போய்விடுவார். மோட்டார் எரிவதும், மின்சார பாக்கியும், வாட்டர்மேன் சம்பளமும் பஞ்சாயத்தின் தலையில் நிற்கும்.

இந்த இடத்தில் கட்சி உறுப்பினர்கள் ஒரு சிக்கலை நேராகப் பார்க்க வேண்டும். அயர்லாந்தைக் காட்டி, கட்டாதே என்று மட்டும் முழங்கினால், முதலில் சம்பளம் நிற்பது கிராம பஞ்சாயத்து ஊழியனுக்கு. அவன் சங்கத்தின் உறுப்பினன். கட்ட மறுக்கும் விவசாயத் தொழிலாளியும் சங்கத்தின் உறுப்பினனே. இருவரையும் எதிரெதிரே நிறுத்துவது அந்த ஏற்பாட்டின் இயல்பு. ஆகவே ஊழியர் சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் கட்டண வசூலிலிருந்து பிரிக்கும் கோரிக்கையே முதலில் வர வேண்டும். அவற்றை மாநில அரசு நேராக ஏற்க வேண்டும். பெயருக்கு ஒரு சிறு நிலையான தொகையைக் கிராம சபை தானே முடிவு செய்வது ஒன்று. லிட்டர் கணக்கில் மீட்டர் ஓட்டி, கட்டாத வீட்டின் இணைப்பைத் துண்டிப்பது முற்றிலும் வேறொன்று. முன்னதில் பேச இடமுண்டு. பின்னதை எந்த வடிவிலும் ஏற்க முடியாது.

அயர்லாந்தில் மசோதாவை எதிர்க்க ஒரு மக்களவை இருந்தது. இங்கே அதற்கு நிகரான இடம் கிராம சபை. திட்டம் முடிந்தது என்று பஞ்சாயத்திடம் ஒப்படைக்கும் தாள் அங்கேதான் கையெழுத்துக்கு வரும். கையெழுத்துக்கு முன் மூன்று கணக்குகளை மேசைக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்: ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த தொகை, மின்வாரிய பாக்கி, வாட்டர்மேனுக்கு எத்தனை மாதச் சம்பளம் நிலுவை.