பல்லுக் கட்டுற காசு
(லெ பிளாங்-மெனிலில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கடை ஆக்களில் கனபேர் றெஸ்ரோறன்ற் குசினியிலும் துப்பரவு வேலையிலும் வருடக்கணக்காக நிற்பவர்கள். பல்லு நொந்தால் ஒரு டொலிப்பிறானைப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுவோம். கடைசியில் பல்லைப் பிடுங்க வேண்டி வரும். பிடுங்கின இடத்தில் இம்ப்ளான்ற் வைக்கலாம் என்பார் வைத்தியர். தாடை எலும்புக்குள் ரைற்றேனியத் திருகாணி ஒன்றை இறக்கி, அது எலும்போடு ஒட்டியபின் மேலே பல்லுப் பூட்டுவார்கள். சுவீடனில் பிறேனமார்க் என்பவர் 1965இல் தொடக்கிவைத்த வைத்தியம் இது. நல்ல வைத்தியம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பல்லுக்கு 2000 யூரோவுக்குக் கிட்ட வரும். இதுக்காகச் சனம் கழிவு கூறிச் சீட்டு எடுக்குது.

"கார்த் வித்தால் இருக்குத்தானே" எண்டு சிலர் கேட்பார்கள். சில அரிய நோய்கள் போன்ற விதிவிலக்குகள் தவிர, அந்தத் திருகாணிக்கு அரச காப்புறுதி ஒரு சதமும் தராது. மேலே பூட்டும் பல்லுக்கு மட்டும் கொஞ்சம் வரும். அதுவும் வைத்தியர் கேட்கும் விலையில் அல்ல, அரசு குறித்த அடிப்படை விலையில் 60 வீதம். 2023 ஒக்ரோபர் வரை 70 வீதமாக இருந்தது.

மிச்சத்துக்கு மியூத்துவெல். தனியார் முதலாளிமார் வேலையாட்களுக்கு அதை எடுத்து, கட்டணத்தில் பாதியாவது கட்டவேண்டும் என்பது 2016 ஜனவரி முதல் சட்டம். எங்கடை பங்கு சம்பளத்தில் மாதாமாதம் வெட்டுப்படுது, என்ன தருவார்கள் எண்டு மட்டும் பார்ப்பதில்லை. "200 வீதம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் மயங்காதேங்கோ. அது அரசு விலையின் 200 வீதம். திருகாணிக்கு அரசு விலையே இல்லை, ஆகவே 200 வீதமும் சைபர்தான். இம்ப்ளான்றுக்கு வருடத்துக்கு இத்தனை யூரோ என்று தனியாக எழுதியிருக்கிறதா, அதைத்தான் தேட வேண்டும்.

வைத்தியர் 'தெவி' என்ற விலைத்தாளைக் கட்டாயம் தரவேண்டும். அங்கேயே கையெழுத்து வைக்காதேங்கோ. மியூத்துவெலுக்கு அனுப்பி, எங்கடை கையால் எவ்வளவு போகும் எண்டு எழுத்தில் கேளுங்கோ. முழுதும் திரும்ப வரக்கூடிய வேறு வழி உண்டா என்றும் வைத்தியரைக் கேளுங்கோ. '100 வீத சுகாதாரம்' என்ற திட்டத்தில் 2020 முதல் சில வகைப் பல்லுறைகளும் பாலப் பற்களும், 2021 முதல் கழற்றிப் பூட்டும் பல்லும் அடங்கும். இம்ப்ளான்ற் அடங்காது. வெள்ளைப் பல்லா, உலோகமா என்பது பல்லின் இடத்தைப் பொறுத்தது. பாலம் போடப் பக்கத்து நல்ல பல்லுகளை அராவ வேண்டும், அது குறைதான். முன்பல்லு போன இருபது வயதுப் பிள்ளைக்கு இம்ப்ளான்ற் நியாயம். ஒரு கடைவாய்ப் பல்லுக்காக ஐம்பத்தைந்து வயதில் கடன்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வருமானம் குறைந்தவர்களுக்கு, பழைய சி.எம்.யூ. துணைக் காப்புறுதிக்குப் பதிலாக 2019 நவம்பரில் வந்த 'சாந்தே சொலிதேர்' உண்டு. அதிலும் இந்த 100 வீதப் பல்லுகள் கிடைக்கும், முற்காசு தேவையில்லை.

மலிவு என்று ஓடுவதைப் பற்றியும் சொல்ல வேணும். டென்ரெக்சியா என்ற மலிவுவிலைப் பல் நிலையங்கள் 2016 மார்ச்சில் நீதிமன்றத்தால் மூடிக் கலைக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் அரைகுறை வைத்தியத்தோடு நடுத்தெருவில் நின்றார்கள். கனபேர் முழுக்காசையும் முன்கூட்டியே கட்டியவர்கள், சிலர் வங்கிக் கடனில். அதன்பிறகு 2023 மேயில் புதுச் சட்டம் வந்து பல் நிலையங்களுக்கு அரச அனுமதி கட்டாயமானது. எண்டாலும், செய்த வேலைக்குத்தான் காசு.

தமிழ்நாட்டில் மலிவாம் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் திருகாணி எலும்போடு ஒட்ட மூன்று முதல் ஆறு மாதம் செல்லும், ஒரு மாத விடுமுறையில் முடியாது. இரண்டு ரிக்கற் காசையும் கூட்டிப் பாருங்கோ. பிறகு இங்கே திருகாணி ஆடினால், அது எந்தக் கொம்பனிச் சாமான் எண்டு தெரியாமல் இங்குள்ள வைத்தியர் கைவைக்கத் தயங்குவார். அகதி அந்தஸ்து உள்ளவர்கள் பல்லுக்கட்ட யாழ்ப்பாணம் போனால் அந்த அந்தஸ்துக்கே ஆபத்து.

லாச்சப்பலில் இருந்து தூரமில்லை, 18ஆம் வட்டாரத்துப் பிறெத்தொனோ ஆஸ்பத்திரியில் பல் பிரிவு உண்டு. மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் செய்வார்கள், நேரம் செல்லும். கையில் இருந்து கட்டும் தொகை தாங்கமுடியாவிட்டால், காப்புறுதிக் கந்தோரின் சமூக உதவிப் பகுதிக்குத் தெவியோடு விண்ணப்பிக்கலாம். தந்தாலும் தருவார்கள், கேட்பதில் வெட்கமில்லை.

பிள்ளைகளுக்கு 3 வயதில் இருந்து 24 வயதுவரை பல்லுச் சோதனை இலவசம், 2025 முதல் வருடாவருடம். கடிதம் வந்தால் குப்பையில் போடாதேங்கோ.

தெவி கையில் வைத்திருப்பவர்கள் தேத்தண்ணி நேரத்தில் கொண்டுவாருங்கோ, சேர்ந்து இருந்து வாசிப்பம்.