மொட்டைமாடிச் சாவியும் ஒரு நூல்கண்டும்

(ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றத்துக்குப் பின் நம் குடியிருப்பில் பேசியது. பலர் கேட்டதால் எழுத்தில் தருகிறோம்.)

மிட்டாய் வாங்கியதும் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். காரணம் எனக்குத் தெரியும். பூட்டிக் கிடக்கிற மொட்டைமாடியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மே மாதம் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வண்டியில் வந்துகொண்டிருந்தேன். ஊருக்குள் நுழையும் நேரத்தில் கழுத்தில் ஏதோ சுருக்கென்றது. பிரேக் போட்டுத் தடவிப் பார்த்தால் கையெல்லாம் ரத்தம். ஹெல்மெட் வார் நடுவில் இருந்ததால் ஐந்து தையலோடு போயிற்று. பச்சை நைலான் நூல். மறுநாள் நம் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் அதே பச்சை நூல் சுற்றிக் கிடந்தது. நம் பிள்ளைகள் விட்டதுதான் என்னை அறுத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே சரக்கு நம் வீட்டுக்குள்ளும் வந்திருந்தது. அதன் பிறகுதான் கமிட்டி மாடியைப் பூட்டியது.

மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. ஐந்து மீட்டருக்கு முன்னால் நூல் கண்ணில் பட்டாலும் நமக்குக் கிடைப்பது அரை நொடி. பருத்தி நூலாக இருந்தால் பெரும்பாலும் அது அறுந்துவிடும். நைலான் அறுவதில்லை, எதிரில் இருப்பதைத்தான் அறுக்கும். 2019 நவம்பரில் சென்னை கொருக்குப்பேட்டையில் அப்பாவோடு பைக்கில் போன மூன்று வயதுக் குழந்தை இப்படித்தான் இறந்தது. 2017 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலான் நூலையும், கண்ணாடித் தூள் பூசிய நூலையும் நாடு முழுக்கத் தடை செய்தது. தமிழக அரசும் 2023-இல் தடை ஆணை போட்டது. பூச்சு எதுவும் இல்லாத பருத்தி நூலுக்குத் தடை கிடையாது. நம் பேச்சில் இந்த ஒரு விஷயம் விட்டுப்போகிறது. தடை மாஞ்சாவுக்குத்தான், பட்டத்துக்கு இல்லை.

பட்டத்தை விளையாட்டுச் சாமான் என்று மட்டும் நினைக்காதீர்கள். 1749-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் அலெக்சாண்டர் வில்சன் பட்டத்தில் தெர்மாமீட்டரைக் கட்டி மேலே அனுப்பி, உயரத்தில் காற்று எவ்வளவு குளிர்ச்சி என்று பார்த்தார். 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த கம்பியில்லாச் சைகையைப் பிடித்தபோது ஏரியல் கம்பியைத் தூக்கி நிறுத்தியது ஒரு பட்டம். ரைட் சகோதரர்கள் விமானம் செய்வதற்கு முன்பு, 1899-இல், இறக்கையை முறுக்கித் திருப்பும் யோசனையைப் பட்டத்தில்தான் சோதித்துப் பார்த்தார்கள். ஃபிராங்க்ளின் இடி மழையில் பட்டம் விட்ட கதை பாடப் புத்தகத்தில் இருக்கும். அதை மட்டும் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பட்டம் இழுக்கப் பலகையில் கடல்மேல் பாயும் போட்டி முதன்முறையாக இடம்பெற்றது. நம் ராமேஸ்வரம் பக்கக் கடலிலும் அந்த விளையாட்டு நடக்கிறது. 2022-இல் இதே ஆகஸ்ட் 13 முதல் 15 வரை மாமல்லபுரத்தில் சர்வதேசப் பட்டத் திருவிழா நடந்தது, உங்களில் சிலர் போயிருப்பீர்கள்.

எனக்குப் பிடித்தது யாழ்ப்பாணத்துக் கதை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டி நடக்கும். மாதக்கணக்கில் மூங்கில் சீவிக் கட்டுவார்கள். நாம் சூத்திரம் என்பதை அவர்கள் முச்சை என்பார்கள். பட்டத்தின் தலையில் 'விண்' என்று வில் போல ஒன்றைப் பூட்டுவார்கள். காற்றில் அது ஊரே கேட்கக் கூவும். அங்கே பரிசு அடுத்தவன் நூலை அறுப்பதற்கு இல்லை, கட்டிய அழகுக்கும் புதுமைக்கும்தான். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் பெரிய பட்டம் ஒன்றைக் கூட்டாக ஏற்றும்போது மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, ஒருவர் மட்டும் விடாமல் பிடித்து அந்தரத்தில் தொங்கினார். நல்லவேளை, உயிர் பிழைத்தார். வீடியோ பார்த்து நாம் சிரித்தோம். அவர் வீட்டில் சிரித்திருக்க மாட்டார்கள்.

சரி, நம் மாடிக்கு வருவோம். பூட்டியதால் என்ன நடந்தது? பிள்ளைகள் ரயில் பாதை ஓரத்துக்குப் போய்விட்டார்கள். போன வாரம் நானே பார்த்தேன். அங்கே தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி. சிக்கிய பட்டத்தை எடுக்கக் கழியோடு ஒரு பையன் நின்றான். யார் பையன் என்று இங்கே சொல்லவில்லை, அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மாடியில் இருந்தால் நம் கண் முன்னால் இருப்பான்.

அதனால் கமிட்டிக்கு என் கோரிக்கை இதுதான். சனி, ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரை மாடியைத் திறங்கள். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். கைப்பிடிச் சுவரில் யாரும் ஏறக்கூடாது, பின்னால் பார்க்காமல் நடந்து போகக்கூடாது. பருத்தி நூல் மட்டும்தான். கண்டைக் கேட்டில் செக்யூரிட்டி அண்ணனிடம் காட்டிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அறுந்த நூலை அன்றைக்கே சுருட்டி எடுக்க வேண்டும். மரக்காணம் கழுவேலிக்கு வருகிற பறவைகள் நம் தலைக்கு மேலேயும்தான் பறக்கின்றன. மரத்தில் தொங்கும் நூலில் இறக்கை மாட்டினால் தானாக விடுவித்துக்கொள்ள அவற்றுக்கு வழியில்லை.

தலைவர் ஐயா, "மறுபடி ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. முதல் இரண்டு மாதம் சாவி என்னிடம் இருக்கட்டும், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன். மூங்கில் குச்சியும் தாளும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆடிக் காற்று இன்னும் ஓயவில்லை. வருகிற ஞாயிறு நாலு மணிக்குக் கீழே பார்க்கிங்கில் சூத்திரம் கட்டச் சொல்லித் தருகிறேன். வீட்டில் நைலான் கண்டு இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், யாருடையது என்று கேட்க மாட்டேன்.