தமிழ் சொல்லிக் கொடுப்பதற்கும் காசா?

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், சுன்னாகத்திலிருந்து இணையவழியாகத் தமிழ் கற்பிக்கும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நாங்கள் ஏழு பேர். ஏழு பேரும் இந்தக் கல்லூரியில் வெவ்வேறு காலங்களில் படித்தவர்கள். இருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியைகள். ஒருவர் பட்டம் பெற்று நியமனத்துக்காகக் காத்திருப்பவர். மற்றவர்கள் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, கிடைக்கும் நேரத்தில் உழைப்பவர்கள். கணினிக்கு முன்னால் இருந்து ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பிள்ளைகளிற் பலர் உங்கள் பேரப்பிள்ளைகள். ஆகவே இன்று நாங்கள் பேசப்போவது எங்கள் சம்பளத்தைப் பற்றி என்றாலும், அது உங்கள் வீட்டுக் கதையும்தான்.

தொடங்கிய புதிதில், இங்கே படித்த ஓர் அக்கா தொலைபேசியில் கேட்டார்: "பிள்ளையள், தமிழ் சொல்லிக் குடுக்கிறதுக்கும் காசா?" அவர் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே வியந்துதான் கேட்டார். எங்களுக்கும் உடனே பதில் வரவில்லை. பரீட்சைக் காலத்தில் பள்ளி விட்ட பிறகும் எங்களை இருத்தி வைத்து, ஒரு சதமும் வாங்காமல் இலக்கணம் படிப்பித்த ஆசிரியைகளின் பிள்ளைகள் நாங்கள். ஆனால் அந்த ஆசிரியைகளுக்கு மாதம் முடிய அரசாங்கச் சம்பளம் வந்தது, பின்னர் ஓய்வூதியமும் வந்தது. இலவசமாகக் கொடுப்பதற்கும் ஒரு தரை வேண்டும். எங்களில் ஐந்து பேருக்கு அந்தத் தரை இல்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். வெளிநாட்டு மாணவர்களையும் ஆசிரியர்களையும் இணைத்து வைக்கும் இணையத் தளங்கள் பல உள்ளன. ஆசிரியர் தம் மணிநேரக் கட்டணத்தைத் தாமே குறிக்கலாம் என்பது அவற்றின் விளம்பரம். அது உண்மைதான். பிறகு தரகு வரும். ஐடாக்கி என்ற தளம் நெடுங்காலமாக ஆசிரியரின் கட்டணத்தில் நூற்றுக்கு 15 எடுத்து வந்தது. பிரெப்ளி என்ற தளத்தில், புதிய மாணவர் ஒருவரின் முதலாவது வகுப்புக் கட்டணம் முழுவதும் தளத்துக்கே சேரும். அடுத்த வகுப்புகளில் நூற்றுக்கு 33 எடுப்பார்கள். கற்பித்த மணிநேரம் கூடக்கூட அது குறைந்து, 400 மணிநேரத்தைத் தாண்டியபின் 18க்கு வரும்.

எங்களில் ஒருவரின் முதல் மாதத்தைப் பாருங்கள். மணிக்கு 5 டொலர் என்று போட்டார். புதியவர் என்பதால் அதற்குமேற் போடப் பயம். ஒரு மாணவி வந்தாள். ஐந்து வகுப்பு நடந்தது. முதல் வகுப்புக்கு ஒன்றுமில்லை. மற்ற நான்குக்கும் ஒவ்வொன்றுக்கு 3 டொலர் 35 சதம். மொத்தம் 13 டொலர் 40 சதம். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 4,020 ரூபா. படம் தேடி, சொற்பட்டியல் எழுதி, வீட்டுவேலை திருத்திய நேரத்தையும் சேர்த்தால் ஒரு வகுப்புக்கு ஒன்றரை மணிநேரம் போனது. ஆக, மணிக்கு 536 ரூபா. அதற்குள் இணையக் கட்டணமும் பணத்தை இங்கே எடுக்கும் செலவும் அடங்கவில்லை. நாங்கள் தொடங்கிய காலத்தில் பேபால் வழியாக இலங்கையிலிருந்து பணம் அனுப்பலாம், பெற முடியாது. வேறு வழி தேடியே இரண்டு மாதம் போயிற்று.

இந்த இடத்தில் எங்கள் ஐயாமார் சந்தையிலிருந்து வந்து சொல்லும் கதை நினைவுக்கு வருகிறது. நம் பக்கத்துச் சந்தைகளில் 100 கிலோ மரக்கறி கொண்டுபோனால் 10 கிலோவைக் கழிவென்று தள்ளிவிட்டு, மிச்சத்துக்குத்தான் காசு தருவார்கள். அந்தப் பத்து வீதத்தை எதிர்த்துத் தோட்டக்காரர் எத்தனை முறை குரல் கொடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பத்துக்கே அந்தக் கொதி கொதித்த வீட்டுப் பிள்ளைகள், முப்பத்துமூன்றைச் சத்தமில்லாமற் கொடுத்துக்கொண்டிருந்தோம். திரையில் தெரியும் கழிவுக்குத் தராசும் இல்லை, சண்டை பிடிக்க எதிரில் ஆளும் இல்லை.

நியாயமாகவும் பேசவேண்டும். தளங்கள் மாணவரைத் தேடித் தருகின்றன. வகுப்பு நடந்தால் காசு நிச்சயம். நேரடியாக எடுத்த வகுப்புகளில், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னர் வட்ஸ்அப்பில் செய்தி வரும். நாங்கள் விடிய மூன்று மணிக்கு எழும்பிக் காத்திருப்போம். ரொறன்ரோவில் கோடைகால மாலை ஆறு மணி என்றால் இங்கே விடியற்காலை மூன்றரை. இப்படி விட்ட வகுப்புக்குக் காசு கேட்க வாய் வராது. கேட்டால், "ஊர்ப் பிள்ளையள் இப்ப நல்லாக் கணக்குப் பாக்கினம்" என்று பெயர் வரும். தளம் அந்த வெட்கத்தை எங்களிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. தரகின் ஒரு பகுதி அதற்கான விலை என்றுதான் சொல்லவேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நடந்தபோது எத்தனை வகுப்புகளை நாங்களே விட்டோம். மின்நிலையம் உள்ள ஊர் என்ற பெருமை அன்றைக்கு உதவவில்லை.

வகுப்பெடுப்பது ஒரு பக்கம். சொற்களையும் வாக்கியங்களையும் குரலையும் கொடுப்பது இன்னொரு பக்கம். அதில்தான் நாங்கள் கூடுதலாகச் சூடுபட்டோம். ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், தமிழ் வாக்கியங்களை எழுதி, வாசித்து, ஒலிப்பதிவு செய்து தரக் கேட்டது. ஏற்றுக்கொள்ளப்படும் வாக்கியத்துக்கு மட்டும் காசு. மூன்று பேர் சேர்ந்து 1,200 வாக்கியங்கள் கொடுத்தோம். சேலையும் தலைப்பாகையுமாகச் சமையலறை வாசலைப் போர்வையால் மூடி, சேவல் கூவுமுன் பதிவு செய்தோம். மூன்றிலொரு பங்கு "தரம் போதாது" என்று திரும்பி வந்தது. எது போதாது என்று சொல்லவில்லை. "வாறன்", "போட்டு வாறன்", "சொல்லுங்கோ" போன்ற எங்கள் பேச்சுத்தமிழ் அவர்களின் தமிழில் அடங்கவில்லை என்று பின்னர் விளங்கியது. ஆனால் திருப்பிய வாக்கியங்களை அழித்தார்களா? நாங்கள் ஒப்பமிட்ட படிவத்தை அப்போதுதான் முழுதாக வாசித்தோம். குரலை எக்காலத்துக்கும், எந்தத் தேவைக்கும் பயன்படுத்தலாம் என்று அதில் இருந்தது. படித்த பெண்கள் என்று பெயர். ஒப்பமிடுமுன் வாசிக்கவில்லை.

உலகில் இப்படி நடந்தது எங்களுக்கு மட்டுமல்ல. டுவோலிங்கோ என்ற செயலியைப் பேரப்பிள்ளைகளின் கைபேசியில் பார்த்திருப்பீர்கள், பச்சை ஆந்தை. 2013 ஒக்ரோபரில் அவர்கள் இன்குபேட்டர் என்றொரு களத்தைத் திறந்தார்கள். இரண்டு மொழி தெரிந்த எவரும் சேர்ந்து பாடநெறி அமைக்கலாம். சம்பளம் இல்லை, மொழிப்பற்றுத்தான் கூலி. பற்பல நாட்டுத் தொண்டர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல் சொல்லாக எழுதினார்கள். 2021 மார்ச்சில் தொண்டர் முறையை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. அதுவரை உழைத்தவர்களுக்கு மொத்தம் 40 இலட்சம் டொலர் பகிர்ந்தளித்தது. அதே ஆண்டு யூலையில் பங்குச் சந்தைக்குப் போனபோது ஒரு பங்கு 102 டொலருக்கு விற்கப்பட்டது. திரட்டிய தொகை 50 கோடி டொலருக்கு மேல். கொடுத்ததே பெரிது என்பார் சிலர். அந்த 40 இலட்சத்தை நாங்கள் குறைவாக மதிக்கவில்லை; கொடுக்கவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருக்கவில்லை. ஆனால் வேலை செய்யும்போது பேசாத கூலி, முடிவில் பரிசாகத்தான் வரும். பரிசின் அளவைக் கொடுப்பவரே தீர்மானிப்பார்.

இன்னொன்று. இன்குபேட்டர் மூடப்பட்டபோது, திரைப்படத்துக்காகக் கற்பனையாக உண்டாக்கிய கிளிங்கோன் மொழிக்கு அதில் பாடநெறி இருந்தது. ஆங்கிலம் வழியாகத் தமிழ் கற்க அங்கே பாடநெறி இருக்கவில்லை. சிரித்துவிட்டு விடலாம். ஆனால் இணையத்தில் தமிழை வைக்கும் வேலை இன்னும் எங்கள் போன்றவர்களின் கைகளில்தான் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. 2025 ஏப்ரலில் அதே நிறுவனம், செயற்கை நுண்ணறிவால் முடிந்த வேலைகளுக்கு ஒப்பந்தக்காரரை எடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக அறிவித்தது. அந்த நுண்ணறிவு எங்கிருந்து பேசப் பழகியது என்று கேட்டால், எங்கள் 1,200 வாக்கியம் போன்றவற்றிலிருந்துதான்.

சட்டம் மெதுவாக நகர்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கான 177ஆம் இலக்கச் சமவாயத்தைச் சர்வதேசத் தொழில் அமைப்பு 1996இல் ஏற்றுக்கொண்டது. தளங்கள் வழியாக வேலை செய்வோருக்கும் ஒரு சமவாயம் வேண்டும் என்ற பாதையை 2025 யூன் மாநாட்டில் தெரிவுசெய்தது. நம் நாட்டில் 2025 ஏப்ரல் முதல் வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு 15 வீதம் வரை வரி வந்திருக்கிறது. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் விலக்கு உண்டு. அந்த 18 இலட்சத்தை எட்டினால் மகிழ்ச்சியோடு கட்டுவோம்.

சுன்னாகத்தில் இந்தத் தொழிலுக்கு வேர் உண்டு என்பதை மறக்கக்கூடாது. 1854 முதல் 1922 வரை வாழ்ந்த அ. குமாரசுவாமிப் புலவர் இவ்வூரவர்; இலக்கியச் சொல்லகராதி தொகுத்தவர். திருமகள் அழுத்தகமும் வட இலங்கைத் தமிழ்நூற் பதிப்பகமும் இங்கேதான் இருந்தன. எங்கள் அம்மாமார் இவ்வூரில் அச்சான புத்தகங்களில் படித்தார்கள். பழைய புத்தகங்களின் முதற் பக்கத்தில் ஆசிரியர் பெயரும், பலவற்றில் உரிமை யாருக்கு என்பதும் அச்சாகியிருக்கும். எங்கள் குரல் ஓடும் செயலியில் எங்கள் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

எங்கள் குற்றத்தையும் சொல்லாமல் இறங்கக்கூடாது. எங்களில் ஒருவர் மாணவரைப் பிடிக்கக் கட்டணத்தை 3 டொலராகக் குறைத்தார். ஒரு மாதத்துக்குள் மற்ற ஆறு பேரும் இறங்கினோம். எந்த நிறுவனமும் எங்களை இறக்கவில்லை, நாங்களே ஒருவரை ஒருவர் இறக்கினோம். அடுத்தது இதைவிட வெட்கம். பாட அட்டைகளுக்குப் படம் கீற உயர்தரம் படிக்கும் ஒரு தங்கையைப் பிடித்தோம். 60 படத்துக்கு என்ன கொடுப்பதென்று முன்பே பேசவில்லை. முடிவில் ஒரு சுரிதார்த் துணியும் "நல்லாச் செய்தாய் பிள்ளை" என்ற சொல்லும் கொடுத்தோம். அவள் சிரித்துக்கொண்டு வாங்கினாள். அந்த நிறுவனம் எங்களுக்குச் செய்ததை நாங்கள் அவளுக்குச் செய்தோம் என்று உறைக்கச் சில மாதம் சென்றது. போன மாதம் அவளுக்குரியதைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தோம்.

ஆகையால் நாங்கள் ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கிறோம். எங்கள் ஏழு பேரில் எவரும் மணிக்கு 8 டொலருக்குக் கீழே வகுப்பெடுப்பதில்லை. நான்கு மணிநேரத்துக்குள் விட்ட வகுப்புக்குப் பாதிக் கட்டணம். ஒலிப்பதிவு, எழுத்து, படம் எதுவானாலும் என்ன கூலி, எத்தனை ஆண்டுக்கு, எதற்கு என்று எழுதியபின்தான் வேலை. திருப்பிய வேலையை வைத்திருக்கக்கூடாது. கட்ட முடியாத குடும்பங்களுக்கு மாதம் நான்கு இடம் இலவசம். அதை நாங்கள் எங்கள் விருப்பத்தில் கொடுக்கிறோம்.

சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். வெளிநாட்டுக் கிளைகள் பெற்றோரையும் எங்களையும் நேராக இணைத்துவிடலாம். கட்டணத்தைக் கிளையே சேர்த்து மாதமொருமுறை அனுப்பினால், தொலைபேசியில் காசு கேட்கும் சங்கடம் இரு பக்கத்துக்கும் இராது. அந்தச் சிரமத்துக்கு நூற்றுக்கு 5 சங்கத்தின் புலமைப்பரிசில் நிதிக்குப் போகட்டும். அதை மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியக் கணக்குக் காட்டவேண்டும். ஐந்தும் கழிவுதான் என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் வாதாடினார். அவர் இன்னும் ஒப்பவில்லை. அதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார்.

படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. பேரப்பிள்ளையின் வயது, வசதியான நேரம், வீட்டில் எந்தத் தமிழ் பேசுகிறீர்கள் என்பவற்றை எழுதித் தாருங்கள். தயவுசெய்து ஒப்பமிடுமுன் வாசியுங்கள். எங்களில் இருவருக்கு நாளை விடிய மூன்றரைக்கு வகுப்பு இருப்பதால், இத்துடன் விடைபெறுகிறோம்.