இன்று வேண்டாம் என்று சொல்லும் துணிவு
(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செமினி வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு விடியற்காலைப் பெரட்டு நினைவிருக்கும். இரவில் மழை பெய்திருந்தால், பட்டை காயும்வரை பால் வெட்டு இல்லை. ஈரப் பட்டையில் வெட்டினால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். கூலி குறையும் என்று தெரிந்தும் நம் பெற்றோர் காத்திருந்தார்கள்.

ஆனால், 'வானிலையால் ராக்கெட் ஏவுதல் ஒத்திவைப்பு' என்று செய்தி வந்தால் மட்டும் நாம் சிரிக்கிறோம். இவ்வளவு பெரிய விஞ்ஞானம் மழைக்குப் பயப்படுகிறதா என்று கேட்கிறோம்.

பூமியைச் சுற்றாமல், மேலே சென்று அளந்துவிட்டுச் சில நிமிடங்களில் கீழே விழும் ஆய்வு ராக்கெட்டுகள் உண்டு. இவற்றில் பலவற்றுக்கு வழியில் பாதையைத் திருத்தும் வசதி கிடையாது. கிளம்பும்போது பக்கக் காற்று அடித்தால், மூக்கு காற்று வரும் திசைக்கே சாயும். ஆகவே முன்கூட்டியே பலூன் விட்டுக் காற்றை அளந்து, ஏவுமேடையின் சாய்வைத் திருத்துகிறார்கள். காற்று வரம்பை மீறினால் அன்று நிறுத்தம்தான். கடலில் விழ வேண்டியது ஊருக்குள் விழுந்தால் யார் பதில் சொல்வது?

1963 நவம்பர் 21ஆம் தேதி, திருவனந்தபுரம் அருகே தும்பா என்னும் மீனவக் கிராமத்திலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. விக்ரம் சாராபாய் முன்னின்று நடத்திய பணி அது. அக்குழுவில் நம் அப்துல் கலாமும் இருந்தார். அந்த ராக்கெட் வானில் சோடியம் ஆவியை வெளியிட்டது. அந்த ஆவி நகர்வதைப் பார்த்து மேல்வானக் காற்றை அறிய வேண்டும். அதற்குத் தரையில் இருட்ட வேண்டும், உயரத்தில் வெயில் பட வேண்டும், நடுவில் மேகம் இருக்கக் கூடாது. அந்திப் பொழுதைத் தவறவிட்டால், அன்றைய வாய்ப்பு போய்விடும்.

2017இல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவிலும் இதே நிலைதான். வண்ண மேகங்களை உருவாக்கும் ராக்கெட் மே மாத இறுதியில் கிளம்ப வேண்டியது. படமெடுக்கும் இடங்களில் மேகம், பிறகு காற்று என்று தள்ளித் தள்ளி, ஜூன் 29ஆம் தேதிதான் ஏவினார்கள். பறந்தது சுமார் 8 நிமிடம். காத்திருந்தது ஏறத்தாழ ஒரு மாதம்!

இடியையும் லேசாக எண்ண வேண்டாம். அதே தீவில் 1987 ஜூன் மாதம் மின்னல் தாக்கி, 3 சிறு ராக்கெட்டுகள் தாமாகவே தீப்பற்றிக் கிளம்பிவிட்டன.

எல்லாவற்றையும் தள்ளிப் போட முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. 2010 ஜனவரி 15ஆம் தேதி கங்கண சூரிய கிரகணத்தின்போது தும்பாவிலிருந்து ராக்கெட்டுகள் ஏவப்பட்டன. கிரகணம் யாருக்காகவும் காத்திருக்காது. எனவே எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாராக வைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க முந்திய நாளும் ஏவினார்கள். காத்திருக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் தயாராகவும் தெரியும்.

நேயர்களே! கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை நமக்குப் புதிதல்ல. நம் பிள்ளைகள் கட்டடத் தளத்தில் நிற்கிறார்கள், பள்ளித் திடலில் ஓடுகிறார்கள். வானம் கறுக்கும்போது, "இன்று வேண்டாம், நிறுத்துங்கள்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அப்படிச் சொல்பவரைக் கோழை என்று ஏசாதீர்கள். இழந்த நாளை மறுநாள் ஈடு செய்யலாம். இழந்த பிள்ளையை என்ன செய்து ஈடு செய்வது?