டார்ச் பல்பும் ஒரு துண்டு ஒயரும்: நடுநிலை வகுப்புகளில் மின்னோட்டம் கற்பித்தல்

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் மின்சாரப் பாடம் பெரும்பாலும் கரும்பலகைப் படத்தில் தொடங்குகிறது. மாணவர் மின்சுற்றைப் பார்த்து வரைந்து, பாகங்களைக் குறித்து, முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார். அவரிடமே ஒரு டார்ச் செல், ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு துண்டு ஒயர் கொடுத்துப் பல்பை எரியவைக்கச் சொன்னால், செல்லின் ஒரு முனைக்கும் பல்பின் அடிக்கும் ஒயரைத் தொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். பல்பு எரிவதில்லை. 1997-இல் வெளியான ‘மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்’ என்னும் அமெரிக்க ஆவணத் தொடரில் எம்ஐடி பட்டதாரிகளுக்கு இதே வேலை தரப்பட்டது. அங்கும் சிலர் தடுமாறினார்கள். பட்டம் பெறும் வயதிலும் தீராத இந்தக் குழப்பத்தைப் பதினொரு வயதிலேயே தீர்க்க முடியும்.

அதற்கு முதலில் பல்பைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்குள் இழையைத் தாங்கும் கம்பிகள் இரண்டு. ஒன்று கீழே இறங்கி அடிநுனியில் உள்ள ஈயப் பொட்டில் முடிகிறது. மற்றொன்று மரையுள்ள உலோக உறையின் பக்கவாட்டில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு வளையம். பல்புக்கும் செல்லைப் போலவே இரண்டு முனைகள் உண்டு என்பது இங்கேதான் புலப்படும். இதைக் கண்ட மாணவர் பல்பின் அடியைச் செல்லின் தலையில் வைத்து, செல்லின் அடியிலிருந்து ஒயரை வளைத்து மரையைத் தொடவைக்கிறார். பல்பு எரிகிறது. இதற்கென்றே ஒரு பாடவேளை முழுவதையும் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும்.

எரிந்த பல்பு அடுத்த கேள்வியைத் திறக்கிறது: ஒயரில் என்ன நடக்கிறது? நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் ஆஸ்போர்ன், 1980-களின் தொடக்கத்தில் சிறுவர்களிடம் இதைக் கேட்டறிந்து, அவர்களின் விளக்கங்களை நான்காகப் பகுத்தார். ஒரே ஒயர் வழியாக மின்சாரம் பல்புக்குப் போகிறது, மற்றது பெயருக்குத்தான் என்பது ஒன்று. இரு முனைகளிலிருந்தும் மின்சாரம் வந்து பல்பில் மோதி ஒளிர்கிறது என்பது இரண்டாவது. ஒரு திசையில் சுற்றினாலும் பல்பில் கொஞ்சம் செலவாகி, மிச்சம்தான் செல்லுக்குத் திரும்புகிறது என்பது மூன்றாவது. போன அளவே திரும்புகிறது என்னும் நான்காவதே சரியானது. முதல் மூன்றையும் பிழை என்று சிவப்பு மையில் அடித்துவிடுவது எளிது. ஆனால் அவை பிள்ளைகள் தாமே யோசித்து அடைந்த விளக்கங்கள். அவற்றைச் சோதனைக்கு உட்படுத்தித்தான் மாற்ற முடியும்.

மோதும் மின்சாரத்தைச் சோதிக்க ஒரு காந்த ஊசிப் பெட்டி போதும். செல்லிலிருந்து பல்புக்குச் செல்லும் இரு ஒயர்களையும் ஒரு சாண் இடைவெளி விட்டு வடக்கு தெற்காகக் கிடத்தி, ஊசிப் பெட்டியை ஒவ்வொன்றின் கீழும் வைத்துப் பார்க்க வேண்டும். இரு பக்கமிருந்தும் மின்சாரம் பல்பை நோக்கி வந்தால் ஊசி இரண்டிலும் ஒரே பக்கம் விலக வேண்டும். அது எதிரெதிர்ப் பக்கம் விலகுகிறது. விலகும் அளவோ ஏறத்தாழ ஒன்றே. மின்னோட்டம் காந்த ஊசியை விலக்கும் என்று 1820-இல் இயற்பியலாளர் எர்ஸ்டெட் கண்ட விளைவு ஏழாம் வகுப்பு மேசையில் ஒரு வழக்கைத் தீர்த்துவைக்கிறது.

மூன்றாவது விளக்கம் எளிதில் அசையாது. இரண்டு செல்களுடன் ஒரே வகைப் பல்புகள் இரண்டைத் தொடராக இணைக்குமுன், எது அதிகம் ஒளிரும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிவைக்க வேண்டும். நேர்முனைக்கு அருகில் இருப்பதுதான் என்று பலர் எழுதுவார்கள். பல்புகளின் தயாரிப்பு வேறுபாட்டால் ஒன்று சற்றுக் கூடுதலாக ஒளிர்ந்து அவர்கள் பக்கம் சாட்சி சொல்வதும் உண்டு. அப்போது பல்புகளை இடம் மாற்றிப் போட வேண்டும். கூடுதல் ஒளி அந்தப் பல்புடனே போகிறது; நேர்முனைக்கு அருகில் இருந்த இடத்தில் தங்குவதில்லை. அம்மீட்டர் இருந்தால் பல்புக்கு முன்னும் பின்னும் ஒரே அளவைக் காட்டி முடித்துவைக்கும்.

அப்படியானால் செல் ஏன் தீர்ந்துபோகிறது, வீட்டுக்கு ஏன் மின்கட்டணம் வருகிறது என்று மாணவர் கேட்பார். நியாயமான கேள்வி. தீர்வது செல்லின் வேதி ஆற்றல். வீட்டு மீட்டர் கணக்கிடுவதும் ஆற்றலையே; ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். சைக்கிள் செயின் சுற்றிச் சுற்றி வந்தாலும் குறைவதில்லை, மிதிப்பவரின் உழைப்பைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கிறது, மின்னோட்டமும் அவ்வாறே.

பொருள்களில் ஒரு கவனம் தேவை. இழை பல்புகள் கடைகளில் அருகி, எல்இடி வந்துவிட்டது. எல்இடி ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும். வெள்ளை எல்இடிக்கு ஒரு 1.5 வோல்ட் செல் போதாது. தொடக்கப் பாடத்துக்கு இழை பல்பே ஏற்றது. வீட்டின் 230 வோல்ட் இணைப்பை எந்தச் சோதனைக்கும் தொடக் கூடாது.

இவ்வகைக் கற்பித்தல் சாதாரண அரசுப் பள்ளிகளில் நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில், இன்றைய நர்மதாபுரத்தில், கிஷோர் பாரதி, ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய அமைப்புகள் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்முறைவழி அறிவியலைத் தொடங்கின. 1978-இல் அது மாவட்டம் முழுவதும் பரவியது. 1982-இல் உருவான ஏகலவ்யா நிறுவனம் பின்னர் அதை வளர்த்தது. 2002-இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது பெரும் இழப்பு. அதன் தேர்வுமுறை தனித்துக் குறிப்பிடத் தக்கது: மாணவர்கள் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டே எழுதினார்கள், செய்முறைத் தேர்வும் இருந்தது. மின்னோட்டப் பாடத்துக்கு அத்தகைய கேள்வியை எந்தப் பள்ளியிலும் அமைக்கலாம்: செல்லும் பல்பும் ஒயரும் நான்கு விதமாகத் தொடுக்கப்பட்ட படங்களைத் தந்து, எரியும் பல்பைக் குறிக்கச் சொல்லி, எரியாதவற்றுக்குக் காரணம் எழுதச் செய்து, மதிப்பெண்ணில் பாதியை அந்தக் காரணத்துக்கு ஒதுக்குவது.