பஸ் நேரமும் பால் நிறுக்கும் நேரமும்

(பாகான் செராய் கிளைக் கூட்டத்தில் பேசியது)



"போக்குவரத்து வசதிகள்" என்ற தலைப்பில் பேசும்படி தலைவர் பணித்திருக்கிறார். தலைப்பு பெரிது. நான் அதைக் கொஞ்சம் வெட்டிச் சிறிதாக்கிக் கொள்கிறேன். பஸ்ஸின் நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள், அது மாறினால் நம் மடியிலிருந்து என்ன போகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று படித்துக் காட்டப் போவதில்லை. அதற்குச் சுவரில் ஒட்டிய தாள் இருக்கிறது. தாள் கிழிந்து போயிருந்தால் அதுவும் இன்றைய பேச்சில் சேர்ந்த விஷயந்தான்.

முதலில் ஒரு பழங்கதை. 1967ஆம் ஆண்டு. எனக்கு வயது பதினொன்று. இங்கிருந்து நாலு மைல் உள்ளே ஒரு தோட்டத்தில் என் தாயார் பால் வெட்டிக் கொண்டிருந்தார். பால் வெட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இங்கே சில இளைஞர்கள் செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்திருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். விடியலின் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். ஆகவே இருட்டிலேயே பெரட்டு, முதல் வெளிச்சத்தில் வெட்டு, பிறகு மங்கு மங்காகப் பால் எடுத்து, ஸ்டோருக்குச் சுமந்து சென்று நிறுத்துப் பெயர் பதிந்து முடிக்கப் பகல் பன்னிரண்டரை ஆகிவிடும். இந்த நேரம் துரை வைத்த நேரமன்று. மரம் வைத்த நேரம். யாருக்காகவும் அது மாறாது.

பெரிய ரோட்டில் ஒன்றேகாலுக்கு ஒரு பஸ் வரும். பால் நிறுத்து, முகம் கழுவி, சேலை மாற்றிக் கொண்டு ஓடினால் அதைப் பிடிக்கலாம். அந்த பஸ்ஸில்தான் என் தாயார் டவுனுக்குப் போய் அரிசி, கருவாடு, எங்களுக்கு நோட்டுப் புத்தகம் எல்லாம் வாங்கி வருவார். ஒரு நாள் ஓடிப் போய் நின்றார்கள், பஸ் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, பஸ் பன்னிரண்டரைக்கே போய்விடுகிறது என்று. முக்கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பெனியின் பெயர் இப்போது நமக்கு வேண்டாம். அவர்களுக்கு ஏதோ ஒரு சௌகரியம் இருந்திருக்கும். டவுனில் ஓர் அறிவிப்பும் ஒட்டியிருந்தார்களாம். தோட்டத்தில் அதை யார் கண்டார்கள்?

முக்கால் மணி நேரந்தானே என்று நினைக்காதீர்கள். அந்த முக்கால் மணி நேரத்தால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். டவுனுக்குப் போக முடியாதவர்கள் தோட்டத்து வாசலில் இருந்த ஒரே கடைக்குப் போனார்கள். அங்கே ரொக்கம் வேண்டாம். பற்று நோட்டில் எழுதிக் கொள்வார்கள். விலை டவுன் விலையன்று. சம்பள நாளன்று கடைக்காரர் நோட்டோடு வந்து நிற்பார். அதற்கு முன் எங்கள் வீட்டில் பற்று இருந்ததில்லை. இரண்டு மாதத்தில் பற்று ஏறியது. பஸ் இருந்த வரையில் கடைக்காரரும் நியாயமான மனிதராகவே இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பஸ் போனதும் விலையும் போனது. அதாவது, மேலே போனது.

தாய்மார்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம். ஆனால் எண்ணத் தெரியும். என் தாயார் லயத்துச் சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டார். இன்று டவுனுக்குப் போக வேண்டியிருந்து பஸ் கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர், அத்தனை கோடு. ஒரு மாதம் போட்டார். சுவர் கறுத்துவிட்டது. அப்போதிருந்த பெரிய கிராணி ஒரு நாள் அந்தப் பக்கம் வந்தவர், "இதென்ன, சுவரை அசிங்கப்படுத்துகிறீர்கள்?" என்று அதட்டினார். விஷயத்தைக் கேட்டதும் பேசாமல் நின்றார். பிறகு பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து அந்தக் கோடுகளை நாள் வாரியாக எழுதிக் கொண்டு போனார். மனு எழுதினார். மனுவில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. இன்ன தேதி, இத்தனை பேர் என்றுதான் இருந்தது.

முழு வெற்றி கிடைத்தது என்று சொன்னால் கைதட்டுவீர்கள். ஆனால் அப்படி நடக்கவில்லை. சனிக்கிழமைகளிலும் சம்பள நாளிலும் மட்டும் பஸ் பழையபடி ஒன்றேகாலுக்கு வந்தது. மற்ற நாட்களில் வரவேயில்லை. ஆனாலும் பற்று இறங்கியது.

அந்தக் கரிக்கோட்டை நான் பிற்காலத்தில் கிராணி வேலைக்கு வந்த பிறகு பல முறை நினைத்ததுண்டு. காரணம், பஸ்ஸையும் ரயிலையும் வைப்பவர்களும் எடுப்பவர்களும் தலைகளை எண்ணித்தான் செய்கிறார்கள். யார் எண்ணுகிறார்கள், எந்த நாளில் எண்ணுகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பிரிட்டனில் 1963ஆம் ஆண்டு மார்ச்சில் டாக்டர் பீச்சிங் என்பவர் ரயில்வே பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். இரண்டாயிரத்துக்கும் அதிகமான ஸ்டேஷன்களை மூட வேண்டும் என்றார், பெரும்பகுதி மூடவும்பட்டது. எத்தனை பேர் பிரயாணம் செய்கிறார்கள் என்பதற்கு அவர்கள் எடுத்த கணக்கு 1961ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரே ஒரு வாரத்தின் கணக்கு. கோடையில் ஜனங்கள் வந்து குவியும் கடற்கரை ஊர்களுக்கு ஏப்ரலில் யார் போவார்கள்? அந்த ஊர்க்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். ரயிலுக்குப் பதிலாக விடப்பட்ட பஸ்களும் பல இடங்களில் சில ஆண்டுகளில் நின்று போயின.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் பால் மரம் இலை உதிர்க்கும். பால் குறையும், வேலை குறையும், கையில் காசு குறையும், டவுனுக்குப் போவதும் குறையும். அந்த மாதத்தில் ஒருவர் பஸ்ஸில் ஏறி எண்ணிப் பார்த்தால், "இந்தப் பாதையில் ஆள் இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார். அவர் எழுதியது பொய்யல்ல. ஆனால் அது ஒரு மாதத்தின் உண்மை. மற்ற மாதங்களின் கணக்கு யாரிடம் இருக்கிறது? நம்மிடம் இருக்க வேண்டும்.

இனி இன்றைய விஷயத்துக்கு வருகிறேன். பஸ் ஓட்டுவது கம்பெனியின் சொந்த விருப்பம் என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. ஸ்டேஜ் பஸ் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். பாதை, நேரம், கட்டணம் ஆகியவற்றை அந்த லைசென்ஸின் நிபந்தனைகளாக வைக்கலாம் என்பது 2010ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டம். முன்பு இதைக் கவனிக்க வர்த்தக வாகன லைசென்ஸ் வாரியம் இருந்தது. பிறகு ஸ்பாட் என்ற ஆணையம் வந்தது. 2019 தொடக்கத்தில் அது கலைக்கப்பட்டு, போக்குவரத்து அமைச்சின் கீழ் அப்பாட் என்ற இலாகா வந்தது. பெயர்ப் பலகை மாறினாலும் மனுவை வாங்கும் மேசை ஒன்று எப்போதும் இருந்திருக்கிறது. அந்த மேசைக்கு நம் தோட்டங்களிலிருந்து எத்தனை கடிதம் போயிருக்கும்? இங்கே உள்ள கிராணிமார்களைத்தான் கேட்கிறேன்.

சின்ன ஊர்களில் பஸ் தேய்ந்ததற்குக் கம்பெனிகளை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. ஆள் குறைந்தால் நடை குறைப்பார்கள். நடை குறைந்தால் காத்திருக்கும் நேரம் கூடும். காத்திருக்க முடியாதவர் தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்குவார். அதனால் பஸ்ஸில் ஆள் இன்னும் குறையும். நம் லயங்களில் வாசலுக்கு இரண்டு மோட்டார் சைக்கிள் நிற்பது இப்படி வந்ததுதான். இந்த நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்போரில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆசையால் வாங்கியவர்களும் உண்டு, நான் மறுக்கவில்லை. பஸ் இல்லாமல் வாங்கியவர்களைப் பற்றியே பேசுகிறேன்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2012இல் நஷ்டத்தில் ஓடும் ஸ்டேஜ் பஸ்களுக்கு உதவிப் பணம் கொடுக்கத் தொடங்கியது. 2015இல் சிரம்பானில் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. கம்பெனிக்கு ஓடிய கிலோமீட்டருக்குப் பணம். டிக்கெட் காசு அரசாங்கத்துக்கு. ஆள் குறைவு என்று கம்பெனி நடையை வெட்டுவதில் லாபம் இல்லாமல் போகிறது. நல்ல ஏற்பாடு. கங்கார், ஈப்போ, கோலத் திரங்கானு, கோத்தா பாரு ஆகிய பட்டணங்களுக்கும் அது போயிற்று. ஆனால் பட்டியலைப் பாருங்கள், எல்லாம் பட்டணம். முதலில் எடுத்துக் கொண்ட அந்த ஐந்தில் பாகான் செராய் இல்லை, பாரிட் புந்தாரும் இல்லை.

நமக்குக் கிடைத்தது ரயில். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2015இல் மின்சார விரைவு ரயில் பாடாங் பெசார் வரை ஓடத் தொடங்கியது. வடக்குக் கொமூட்டர் ரயில் பட்டர்வொர்த்திலிருந்து நிபோங் திபால், பாரிட் புந்தார், பாகான் செராய், தைப்பிங் வழியாக வந்து பாடாங் ரெங்காஸோடு திரும்பிக் கொண்டிருந்தது. 2025 தொடக்கத்தில் அதை ஈப்போ வரை நீட்டினார்கள். நம் ஸ்டேஷனில் ஏறினால் பெரிய ரோட்டு நெரிசல் இல்லாமல் ஈப்போவில் இறங்கலாம். என் தாயார் இருந்திருந்தால் ஒரு முறையாவது கூட்டிக் கொண்டு போயிருப்பேன்.

ஆனால் தோட்டத்திலிருந்து ஸ்டேஷனுக்கு வருவது எப்படி? ரயில் அடிமரம் என்றால் பஸ் கிளை. ரயிலின் நேரம் மாறும்போதெல்லாம் அதைப் பார்த்து பஸ்ஸின் நேரமும் மாற வேண்டும். ரயில் போய்ப் பத்து நிமிஷம் கழித்து வரும் பஸ், கணக்கில் ஒரு நடை, நமக்கு ஒன்றுமில்லை. இங்கே ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் நேரம் ஒத்திருக்கிறதா, ஒவ்வொரு தோட்டத்து வாசலிலிருந்தும் எத்தனை நிமிஷம் ஆகிறது என்று நாம் எழுதிப் பார்த்ததுண்டா?

ஏன் இத்தனை வற்புறுத்துகிறேன் என்றால், இது கூலி விஷயம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை செய்கிறவருக்கு நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. ஒரு தாய் பிள்ளையைப் பாரிட் புந்தார் ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போகிறார் என்று வைத்துக் கொள்வோம். பகல் பஸ் சரியான நேரத்துக்கு இருந்தால் வெட்டை முடித்துவிட்டுப் போய்விடலாம். இல்லாவிட்டால் அன்றைய வேலையை விட வேண்டும். அந்தப் பயணத்துக்கு அவர் கொடுத்த விலை பஸ் டிக்கெட் காசு மட்டுமல்ல. 65 வெள்ளி 38 காசும் சேர்த்து. இந்தத் தொகை எந்த அட்டவணையிலும் அச்சாவதில்லை. சம்பளத்துக்காக நாம் காசு காசாகப் பேரம் பேசுகிறோம். பஸ் நேரத்தில் போகிறதை யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள். 1997இல் பெரிய பஸ் போகாத கிராமங்களுக்கு மினி பஸ் விட்டார்கள். 2025 ஜூனில் அதை விரிவாக்கிப் புதிய திட்டமும் தொடங்கியிருக்கிறார்கள். பாதையின் பெரும்பகுதி வேறு பஸ் ஓடாத இடமாக இருக்க வேண்டும் என்பது அதில் நிபந்தனை. லாபமுள்ள ரோட்டில் எல்லாரும் முட்டிக் கொள்வதைத் தடுக்க அது நல்ல வழி. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நம் நாட்டிலும் கோலாலம்பூர், சிலாங்கூர், பினாங்கு பக்கங்களில் கைத்தொலைபேசியில் அழைத்தால் வரும் சிறு வேன்கள் ஓடுகின்றன. தோட்டத்துச் சிறு ரோடுகளுக்கு அது பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். கைத்தொலைபேசி பழகாத பாட்டிமாருக்கு வேறு ஒரு வழியும் வைத்தால்.

இன்னொன்று. இன்று நம் பக்கத்து நிரையில் நிற்பவர் வங்காளதேசத்துக்காரராகவோ இந்தோனேசியராகவோ இருக்கலாம். அவருக்கும் ஊருக்குப் பணம் அனுப்ப டவுனுக்கு வர வேண்டும். கோடு போடும்போது அவரையும் ஒரு கோடாகப் போடுங்கள். எண்ணிக்கை கூடினால் நமக்குத்தான் லாபம்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு கட்டு நோட்டுப் புத்தகம் இருக்கும். தோட்டத்துக்கு ஒன்று. லயத்துக்கு ஒருவர் பொறுப்பு. தாய்மாராக இருந்தால் நல்லது. எந்த இடத்தில் நின்றோம், எத்தனை மணிக்கு வந்தோம், பஸ் எத்தனை மணிக்கு வந்தது, வராவிட்டால் என்ன செய்தோம், எத்தனை பேர். இவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகள் போகும் காலை நேரத்தைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். இலை உதிரும் மாதத்திலும் எழுதுங்கள், பால் நன்றாக இருக்கும் மாதத்திலும் எழுதுங்கள். எழுத வராதவர்கள் கோடு போடுங்கள். கிராணிமார்கள் அதை எழுத்தாக்குவார்கள். முன் வரிசையில் இரண்டு பேர் தலையை ஆட்டுகிறார்கள், பெயரைக் குறித்துக் கொள்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நோட்டுகளை மறக்காமல் கொண்டு வாருங்கள். லயத்துச் சுவரை மட்டும் விட்டுவிடுங்கள், புதுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள்.