நோம்பிக்கு எந்தக் கோழி?
(கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர்களுக்காகப் பேசியது)



தீவாளி நோம்பி நெருங்கினா போதும், கோயமுத்தூர், திருப்பூர்ல இருந்து வண்டி கட்டிக்கிட்டு நம்ம ஊருக்கு நாட்டுக்கோழி தேடி வர்றாங்க. தலைத்தீபாவளிக்கு மாப்பிள்ளை வர்ற வீடுன்னா சொல்லவே வேண்டாம். அப்போ அவங்க கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "அக்கா, இது அசல் நாட்டுக்கோழிதானுங்களா?" அதுக்கு நாம நெஞ்சுல கை வெச்சுப் பதில் சொல்லணுமே, அதனால்தான் இன்னைக்கு இந்தப் பேச்சு.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே நவம்பர் மாதம் வரும் நன்றி தெரிவிக்கும் திருநாளுக்கு வான்கோழி சமைப்பாங்க. நெஞ்சுக்கறி அதிகம் வேணும்னு வளர்த்து வளர்த்து, கடைசியில் தானாக இணை சேரக்கூட முடியாத வெள்ளை வான்கோழி வந்தது. ருசி போச்சுன்னு இப்போ சிலர் பிரான்ஸ், நாரகான்செட் மாதிரி பழைய ரகங்களுக்குத் திரும்பி, கூடுதல் விலை கொடுத்து வாங்குறாங்க. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். பழைய ரகம் நம்ம வாசல்லயே மேயுது.

சிறுவிடைக் கோழி உருவத்தில் சின்னது. வெடக்கோழி ஒரு கிலோவைத் தாண்டவே ஐந்தாறு மாதம் ஆகும். ஆனா குழம்புக்கு இதுதான். நாளெல்லாம் நடந்து, கிளறி, புழு பூச்சி தின்ன கோழிக்குச் சதை இறுகும், சாறு கெட்டியா இறங்கும். நாற்பது நாளில் இரண்டு கிலோ ஏறுகிற பிராய்லருக்கு அந்த வயசும் இல்லை, நடையும் இல்லை. பெருவிடை, சண்டைக்கோழி வம்சம். சேவல் மூன்று கிலோவுக்கு மேலே வரும், கறி நிறைய. முத்திப் போனா ரப்பர்தான், இளசிலேயே கொடுத்துடணும். மத்தியப் பிரதேசத்து கடக்நாத் கோழிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. கறி கறுப்பா இருக்கிறதால நம்ம பக்கம் வீட்டுப் பெரியவங்க இலையில் பார்த்ததும் தயங்குறாங்க.

கிரிராஜா, வனராஜா மாதிரி ரகங்களைக் குறை சொல்லலைங்க. சீக்கிரம் எடை வரும், முட்டையும் நல்லா வைக்கும். ஆனா அதை நாட்டுக்கோழின்னு சொல்லி விக்கிறதை நாங்க ஒத்துக்க மாட்டோம். அதோட பேரைச் சொல்லி, அதுக்கு உள்ள விலைக்கு வித்தா யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு தடவை ஏமாந்த வீடு மறுவருஷம் நம்ம குழுப் பக்கமே வராது.

சந்தேகம் இருக்கிறவங்க ஒரே நாளில் இரண்டு ரகத்தையும் அடிச்சுப் பாருங்க. இறகைப் பறிச்சு, மஞ்சள் தடவி, தோலோட தீயில் வாட்டுங்க. பள்ளிபாளையம் பக்கம் செய்யற மாதிரி சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு மட்டும் போதும். மசாலாத்தூளை அள்ளிப் போட்டா எந்தக் கோழியும் ஒரே ருசிதான்!

ஐப்பசியில் விக்கணும்னா சித்திரை முதல் வாரத்திலேயே குஞ்சு பொரிச்சிருக்கணும். அடை 21 நாள், அதனால பங்குனி நடுவிலேயே அடை வெச்சிடணும். சிறுவிடை தானே அடைகாத்து, தானே பருந்துகிட்ட இருந்து குஞ்சைக் காப்பாத்தும். ஆனா வெள்ளைக்கழிச்சல் வந்தா தாயாலயும் காப்பாத்த முடியாது. ஒரே வாரத்தில் கூடு காலியாகும். குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்தும், எட்டு வாரத்தில் ஊசியும் போட்டாகணும். கால்நடை மருந்தகத்தில் கேளுங்க. பெருநோய் வந்த பிறகு ஓடிப் பிரயோஜனமில்லை.

இன்னொன்று. குஞ்சும் தர்றோம், வளர்த்தா நாங்களே வாங்கிக்கிறோம்னு யாராவது முன்பணம் கேட்டு வந்தா, 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவங்க பட்ட பாட்டை நினைச்சுக்கங்க. நம்ம கோழிக்கு முதல் முட்டை நம்ம வீட்டிலேயே இருக்கு.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அவங்கவங்க வீட்டில் அடைக்கு வெக்கிற சிறுவிடைப் பெட்டை எத்தனை, சேவல் எத்தனைன்னு எண்ணி எழுதிக்கிட்டு வாங்க. சேவல் இல்லாத வீட்டுக்குப் பக்கத்துக் குழுவிலிருந்து மாத்தி விடலாம்.